பல் முளைக்கும் பருவத்தில் உணவை மறுக்கும் குழந்தை: எது இயல்பு, எது ஆபத்து?

திருவனந்தபுரம்: பல் முளைக்கும் காலத்தில் குழந்தை ஓரிரு நாள்கள் உணவைக் குறைத்துக்கொள்வது இயல்பே. ஆனால், காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் ‘பல் வருவதால்தான்’ என்று எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாத அளவில் கீழ்த்தாடையின் முன்பற்கள் முதலில் முளைக்கின்றன. சுமார் 3 வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்கும் பருவமும் இதுவே என்பதால், இப்போது ஏற்படும் உணவு மறுப்பு பெற்றோரை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

ஈறு வீக்கம், எச்சில் வடிதல், எரிச்சல், பசியின்மை ஆகியவை பல் முளைப்பதோடு தொடர்புடையவை. உடல் வெப்பம் சற்றே உயரலாம். எனினும் அது காய்ச்சல் என்னும் அளவை எட்டுவதில்லை என்று ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவிக்கிறது.

அப்படியானால் இந்த வயதில் வயிற்றுப்போக்கு ஏன் அடிக்கடி வருகிறது? தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் பொருள்கள் 6 மாத அளவில் குறையத் தொடங்குகின்றன. அதே வேளையில் குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கிறது. இதனால் ஏற்படும் கிருமித் தொற்றின் மீதான பழி பல்லின் மீது விழுகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இறப்புப் பதிவேடுகளிலேயே ‘பல் முளைத்தல்’ மரணக் காரணமாக எழுதப்பட்டது.

எப்படி ஊட்டலாம்?

* தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை கடித்தால், வாயின் ஓரத்தில் விரலை நுழைத்து மெதுவாக விடுவித்து, சற்று நேரம் கழித்து மீண்டும் புகட்டலாம்.

* சூடான உணவைத் தவிர்த்து, ஆறிய கேழ்வரகுக் கூழ், மசித்த ஏத்தன் பழம், குழைய வேகவைத்த அரிசி-பருப்புக் கஞ்சி, தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை தரலாம்.

* எளிதில் விழுங்கட்டும் என்று கஞ்சியை நீர்க்கச் செய்யக் கூடாது. வயிறு நிரம்பினாலும் சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும்.

* உணவுக்குச் சற்று முன், குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியால் ஈற்றை மெல்லத் தேய்ப்பது வலியைத் தணிக்கும்.

* கடிப்பதற்குப் பச்சைக் கேரட் போன்ற கடினமான துண்டுகளைத் தரக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது.

கேரள அங்கன்வாடிகளில் 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ அலகுகள் தயாரிக்கும் ‘அம்ருதம் நியூட்ரிமிக்ஸ்’ சத்துமாவு வழங்கப்படுகிறது. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா ஆகியவை அடங்கிய இம்மாவைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, ஈறு வலிக்கும் நாள்களிலும் ஊட்டலாம்.

மருந்தில் எச்சரிக்கை

ஈறுகளில் தடவும் பென்சோகெயின் மருந்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனைக் குறைக்கக்கூடும் என்பதால், 2 வயதுக்கு உட்பட்டோருக்கு அதனைப் பயன்படுத்தக் கூடாது என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டு எச்சரித்தது. நைஜீரியாவில் 2008ஆம் ஆண்டு, நச்சு கலந்த பல் முளைப்பு மருந்துநீரால் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். எந்த மருந்தும், பாராசிட்டமால் உட்பட, குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் கூறும் அளவிலேயே தரப்பட வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலோ, வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலோ, உணவு மறுப்பு சில நாள்களுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரை அணுக வேண்டும். வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனேயே ஓ.ஆர்.எஸ். கரைசலைப் புகட்டத் தொடங்கலாம்.

பால்கூடக் குடிக்க இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்ப முடியாத சோர்வு, சிறுநீர் குறைதல், குழிவிழுந்த கண்கள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கோட்டுகால், பாறசாலை சுற்றுவட்டார மக்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையையோ அணுகலாம். ஆலோசனைக்குக் கேரளத்தில் 1056, தமிழகத்தில் 104 ஆகிய எண்களைத் தொடர்புகொள்ளலாம்.