ஹாலே நகரத்து வித்தியாசாலையும் காவிரிக் கரையும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்துக்குச் சமீபத்தில், 1766-ஆம் வருஷத்தில் எழுந்த கிறிஸ்தவ தேவாலயம் ஒன்று இருக்கிறது. கடைவீதியின் சந்தடியில் அதை நின்று பார்ப்பவர் சிலரே. அதை எழுப்பியவர் ஆங்கிலேயப் பாதிரியார் அல்லர். கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானியர். இந்நகரிலுள்ள தூய யோவான் வெஸ்டிரி பள்ளியும் பிஷப் ஹீபர் பள்ளியும் தங்கள் வரலாற்றை அவர் நடத்திய பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகின்றன. நமது நேயர்களில் சிலர் அப்பள்ளிகளிலேயே வாசித்தவர்களாயிருக்கலாம். ஆயினும், அவற்றுக்கு வித்தான ஜெர்மானிய வித்தியாசாலை எது, அதன் குணம் யாது என்று விசாரித்தவர்கள் மிகவும் அரியர். அந்த விசாரணை வெறும் சரித்திர ஆசையைத் தீர்ப்பதற்கு மாத்திரம் அன்று. நமது குழந்தைகளின் கல்வியைப் பற்றிய, இன்னும் தீர்ப்பாகாத வழக்கொன்று அதில் அடங்கியிருக்கிறது.

ஜெர்மனி தேசத்தில் ஹாலே என்று ஒரு நகரம் உண்டு. அதை அடுத்த கிளௌகா என்ற ஏழைகளின் சேரிக்கு அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்பவர் போதகராக இருந்தார். அவர் தமது வீட்டில் தர்ம உண்டியல் ஒன்றை வைத்திருந்தார். 1695-இல் ஒரு நாள் அதில் நாலு தாலரும் பதினாறு குரோஷனும் விழுந்திருந்தன. அது பெரிய தொகை அன்று. அவரோ அதைக் கொண்டு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். புஸ்தகங்கள் வாங்கினார், ஏழை மாணாக்கர் ஒருவரை உபாத்தியாயராக அமர்த்தினார். இருபத்தேழு பிள்ளைகளுக்குப் புஸ்தகங்கள் கொடுத்ததில் நால்வர் மாத்திரமே திரும்பக் கொண்டுவந்தனர் என்று சொல்லுவார்கள். பிராங்கே சோர்ந்துவிடவில்லை. மறுபடியும் புஸ்தகங்கள் வாங்கினார்.

அச்சிறு விதையிலிருந்து சில வருஷங்களுக்குள் ஒரு பெரிய கல்வி நகரமே முளைத்தது. 1698-இல் அநாதை விடுதிக்கு அஸ்திவாரமிடப்பட்டது. சாமானியக் குடிகளின் குழந்தைகளுக்கு ஜெர்மன் பாஷையில் பாடஞ் சொல்லும் பள்ளிகள், பிரபுக்களின் புத்திரர்களுக்கு ஒரு பள்ளி, சர்வகலாசாலைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு 1697-இல் ஏற்பட்ட லத்தீன் உயர்தரப் பள்ளி ஆகிய யாவும் ஒரே வளைவுக்குள் அமைந்தன. புத்தி கூர்மையுள்ள அநாதைப் பிள்ளைக்கும் லத்தீன் பள்ளியின் கதவு திறந்திருந்தது. மருந்துச்சாலை, அச்சுக்கூடம், புஸ்தகக் கடை ஆகியவற்றின் லாபம் பள்ளிச் செலவுக்குப் போயிற்று. ஏழை மாணாக்கர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி அதற்கு ஈடாகச் சாப்பாடு பெற்றனர். 1727-இல் பிராங்கே காலமானபோது அங்கே பயின்ற பிள்ளைகளின் தொகை இரண்டாயிரத்துக்கு மேல்.

அப்பள்ளிகளின் குணத்தைப் பக்ஷபாதமின்றிச் சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் ஒரே வகுப்பு என்று வையாமல், ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் தேர்ச்சிக்கு ஏற்ற வகுப்பில் அவனை உட்கார வைத்தார்கள். ஏட்டுப் படிப்போடு கைத்தொழிலும் கற்பித்தார்கள். மரம் கடைதலும் கண்ணாடி தீட்டுதலும் பிரபுக்களின் பிள்ளைகளுக்குக்கூடப் பாடங்களாயிருந்தன. உபாத்தியாயருக்கும் பயிற்சி வேண்டும் என்ற கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றிய இடங்களுள் ஹாலே முக்கியமானது. இவை மெச்சத்தக்கவை. ஆனால் பிள்ளைகள் எந்நேரமும் கண்காணிப்பிலேயே இருந்தனர். விளையாட்டு வீண்பொழுது என்று கருதப்பட்டது. குழந்தையின் சுயேச்சையை அடக்குவதே சன்மார்க்கத்தின் முதற் படி என்று பிராங்கே நம்பினார். கீழ்ப்படிதலை இவ்வளவு பழக்கிய பள்ளியைப் பிரஷ்ய அரசர்கள் ஆதரித்ததில் ஆச்சரியமில்லை.

அதே நகரத்தில் மற்றொரு காரியமும் நடந்தது. அக்காலத்தில் ஜெர்மானிய வித்துவான்களின் பாஷை லத்தீன். ஜெர்மன், சந்தைக்கும் சமையலறைக்கும் போதும் என்பது கற்றவர்களின் துணிபு. கிறிஸ்டியன் தோமாசியஸ் என்ற நியாயசாஸ்திரி, 1687-இல் லைப்சிக் நகரில் ஜெர்மன் பாஷையிலே பிரசங்கம் செய்வதாக விளம்பரம் செய்தார். பெரியோர்கள் சீறினர். 1690-இல் அவர் ஹாலே வந்து சேர்ந்து தம் கொள்கையைத் தொடர்ந்து நடத்தினார். இன்று அந்த லத்தீன் பள்ளிக்குப் பெயர் மாத்திரம் லத்தீன். பாடம் நடப்பது ஜெர்மன் பாஷையில். 1945-இல் குண்டு வீச்சினால் பிராங்கேயின் ஸ்தாபனங்கள் சேதமடைந்தன. 1946-இல் அவற்றின் சுயாதீனமும் பறிபோயிற்று. ஜெர்மனி ஒன்றுபட்ட பின்னரே மீண்டும் தலையெடுத்தன. இத்தனைக்கிடையிலும் தாய்மொழியின் ஸ்தானம் அங்கே அசையவில்லை.

இனி அந்த ஹாலேக்கும் நமக்கும் உள்ள உறவைக் கவனிப்போம். அங்கே பயின்ற பர்த்தொலொமேயு சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்க அவர் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரைத் தமது வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதினார். ஐரோப்பியர் நமக்குப் பள்ளி கொண்டுவந்தனர் என்று பேசுகிறவர்கள் இதை மறக்கலாகாது. முதலில் ஐரோப்பியரே நமது பள்ளியில் மாணாக்கராக உட்கார்ந்தார். 1707-இல் அவர் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி திறந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடம் நடந்தது. ஹாலேயில் தமிழ் அச்செழுத்துக்கள் வார்க்கப்பட்டுக் கடல் கடந்து வந்தன. கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அவருடைய நோக்கம் மதப் பிரசாரமே என்பதை நாம் மறைக்கவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி அனுப்பிய நூலை, அஞ்ஞானத்தை அழிக்கப் போனவர் அதைப் பரப்பலாகாது என்ற எண்ணத்தால் பிராங்கே அச்சிட மறுத்தார். அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஹாலேயின் பரிவுக்கும் எல்லை உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை. ஆனாலும் ஒரு ஜனத்துக்கு எதைச் சொல்ல விரும்பினாலும் அந்த ஜனத்தின் பாஷையிலேயே சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சுவார்ட்ஸ் இந்த வழியில் வந்தவர். ஹாலேயில் பயின்ற காலத்திலேயே தமிழ் படிக்கத் தொடங்கி, 1750-இல் இந்நாட்டை அடைந்தார். 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். கோட்டையில் கும்பினியின் சேனை. நாட்டுக்கு அதிகாரி ஆற்காட்டு நவாபு. ஊரெங்கும் யுத்தத்தின் வடு. தகப்பனை இழந்த சிப்பாய்க் குழந்தைகள் திக்கற்றிருந்தனர். அவர்களுக்காகத் தோன்றியதே அவருடைய பள்ளி. வெஸ்டிரி பள்ளி தன் ஆரம்பமாகக் கொள்ளும் வருஷம் 1763.

நேயர்கள் அந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். அதே 1763-இல், பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக், ஐந்து வயது முதல் எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று நாட்டுப்புறப் பள்ளிச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். அதை வகுத்துக் கொடுத்தவர் ஹெக்கர் என்பவர். அவரும் ஹாலே மாணாக்கரே. சட்டம் உடனே முற்றிலும் நிறைவேறவில்லை, குடியானவர்களும் நிலப்பிரபுக்களும் முணுமுணுத்தனர், உபாத்தியாயர்களும் போதவில்லை. ஆயினும், பிள்ளையைப் படிக்க வைப்பது ராஜாங்கத்தின் கடமை என்ற கொள்கை நாட்டப்பட்டது. ஒரே வித்தியாசாலையின் இரு மாணாக்கர், ஒரே வருஷத்தில், இரண்டு தேசங்களில் வேலை செய்தனர். பிரஷ்யாவில் அது தேசக் கல்வியாயிற்று. காவிரிக் கரையில் என்ன ஆயிற்று?

சுவார்ட்ஸ் 1778-இல் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கும்பினியின் ரெஸிடெண்டாயிருந்த ஜான் சல்லிவன், சுதேசப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளை ஏற்படுத்தத் திட்டமிட்டார். 1785-ஐ ஒட்டித் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் அவை தோன்றின. சுவார்ட்ஸ் அவற்றை மேற்பார்த்தார். 1787-இல் கும்பினி டைரக்டர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் வருஷம் 250 வராகன் அளித்தனர். டைரக்டர்கள் தர்மவான்களாகிவிட்டனர் என்று எண்ண வேண்டாம். ஆள்பவரின் பாஷையை அறிந்த ஒரு வகுப்பார் இருப்பது ஆட்சிக்குச் சௌகரியம். அங்கே சேர்ந்தவரும் பெரும்பாலும் உயர்ந்த நிலையிலிருந்தவர்களின் பிள்ளைகளே. அநாதைக்காகப் பிறந்த பள்ளியின் வழியில், உத்தியோகஸ்தனை உண்டாக்கும் பள்ளியும் பிறந்தது.

ஆயினும் தமிழ் விதை வீண்போகவில்லை. சுவார்ட்ஸினிடம் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சைப் பள்ளியில் தலைமை உபாத்தியாயராகி, பெத்லகேம் குறவஞ்சி பாடினார். புதிய பூகோளமும் வான சாஸ்திரமும் குறவஞ்சி என்னும் நமது பழைய பாத்திரத்தில் வார்க்கப்பட்டன. சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்த சரபோஜி மன்னர் பல பாஷைகளில் பள்ளிகள் நடத்தினார். புதிய சாஸ்திரம் எதையும் தமிழ் தாங்கும் என்பதற்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பே தஞ்சாவூர் அத்தாட்சி கொடுத்துவிட்டது.

மன்றோ சென்னை ராஜதானியில் 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அந்தத் திண்ணைப் பள்ளிகளில் எல்லா ஜாதிக் குழந்தைகளுக்கும் இடமில்லை, பெண்கள் மிகச் சிலரே என்ற குற்றத்தை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அவற்றைத் திருத்தி விரிவாக்கியிருந்தால் நமக்கும் தேசக் கல்வி பிறந்திருக்கும். அந்நிய ராஜாங்கம் அதைச் செய்யவில்லை. 1911-இல் கோகலே ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது, 1912-இல் அது 13-க்கு எதிராக 38 வோட்டுகளால் தோற்கடிக்கப்பட்டது. பிரஷ்யாவின் சட்டத்துக்கு அப்போது வயது நூற்று நாற்பத்தொன்பது!

சரி, அந்நியர் செய்யவில்லை; நாம் என்ன செய்தோம்? 1950-இல் நமது அரசியல் சாசனம் பத்து வருஷத்தில் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயலுவதாகச் சொல்லிற்று. 2002-இல்தான் அது அடிப்படை உரிமையாயிற்று. அதற்குரிய சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2006-இல் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாய பாடமாக்கும் சட்டம் வந்தது. 2010-இல் தமிழில் படித்தவர்களுக்கு அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கச் சட்டம் பிறந்தது. அதே அரசாங்கப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழி வகுப்புகளும் பெருகின. ஒரு கையால் நீர் வார்த்து மறு கையால் வேரைப் பிடுங்குவதற்கு இது எவ்வளவு தூரம்?

பெற்றோரை நாம் குறை கூறோம். உத்தியோகமும் மரியாதையும் ஆங்கிலத்தின் பக்கம் இருக்கும் வரையில், பிள்ளையை அப்பக்கம் அனுப்புவது அவர்கள் கண்ட நியாயம். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள். நாமும் ஆங்கிலம் கற்று, அந்தப் பாஷையிலே வாதாடிப் பிழைப்பவர்களே. தோமாசியஸ் நமது தொழிலைச் சேர்ந்தவர். முந்நூறு வருஷங்களுக்கு முன் தமது பாஷையில் நியாயசாஸ்திரம் பேசினார். நமது உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளோ இன்றும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன; கட்சிக்காரன் தன் நிலம் தனக்குக் கிடைத்ததா போயிற்றா என்பதை வக்கீல் வாயால் கேட்டறிகிறான். ஆங்கிலத்தை நன்றாகக் கற்கட்டும், ஜெர்மானியரும் கற்கின்றனர். கற்கும் பாஷை வேறு, அறிவு புகும் வாயில் வேறு என்பதே நமது வாதம்.

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, துறையூருக்கு அப்பால், பச்சைமலை நிற்கிறது. அங்கே மலைவாசிகளின் குழந்தைகளுக்கு அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஹாலேயின் அநாதை விடுதிக்கு இந்நாட்டில் உண்மையான வாரிசு எது என்று கேட்டால், நகரத்துப் பெரிய கட்டிடங்களைக் காட்டிலும் அந்த மலைப் பள்ளிகளையே நாம் சுட்டிக்காட்டுவோம். அங்கே படிக்கும் குழந்தைக்குப் பயிற்சி பெற்ற உபாத்தியாயர் நாள்தோறும் வருகிறாரா? அதன் வாயில் வழங்கும் தமிழிலேயே கணிதமும் சாஸ்திரமும் அதற்கு விளங்குகின்றனவா? படித்து முடித்துக் கீழே இறங்கினால், மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அதற்குக் கதவு திறக்கிறதா?

இம்மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய நாளில்தான் நமக்குத் தேசக் கல்வி உண்டு என்று பெருமை பேசலாம். பிராங்கேயிடம் இருந்தது ஓர் உண்டியலும் நாலு தாலரும். நம்மிடம் இருப்பது ஒரு ராஜாங்கம்; அதுவும் நம்முடையது. இனி, அந்நியரைச் சாக்காகக் காட்ட வழியில்லை.