அளவுகளின் முன்னே நிற்கும் சிறு சொற்கள்

பசளைப் பையிலும் பீடைநாசினிப் போத்தலிலும் அச்சிடப்பட்டுள்ள அளவுகளைப் பிழையின்றி வாசித்தறிதல், நல்ல விதையைத் தெரிந்தெடுத்தலைப் போன்றே முக்கியமானதாகும். அளவுப் பெயரின் முன்னே நிற்கும் சிறு சொல்லொன்றை மாற்றிக் கொண்டால், மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு வேறுபட்டுவிடும்.

நீளத்துக்கு மீற்றரும், நிறைக்குக் கிராமும், கொள்ளளவுக்கு லீற்றரும் வழங்கப்படுகின்றன. 1795ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்திற் சட்டமாக்கப்பட்ட இம்முறையில், பெருக்கத்தைக் காட்டும் முற்சொற்கள் கிரேக்க மொழியிலிருந்தும், பின்னத்தைக் காட்டுபவை இலத்தீன் மொழியிலிருந்தும் எடுக்கப்பட்டன. அவையாவன:

கிலோ – 1,000 மடங்கு
ஹெக்டோ – 100 மடங்கு
டெக்கா – 10 மடங்கு
டெசி – பத்தில் ஒரு பங்கு
சென்ரி – நூறில் ஒரு பங்கு
மில்லி – ஆயிரத்தில் ஒரு பங்கு

ஹெக்டேயர் என்பதும் இம்முறையிற் பிறந்த சொல்லே. 100 சதுர மீற்றர் ஓர் 'ஆர்' ஆகும். அதன் நூறு மடங்கு, அதாவது 10,000 சதுர மீற்றர், ஒரு ஹெக்டேயராகும். இஃது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். 16 பரப்பு ஓர் ஏக்கரெனக் கொள்ளும் இடங்களில் ஏறத்தாழ 40 பரப்பாகும். எனவே, ஹெக்டேயருக்கு 100 கிலோகிராம் எனக் கூறப்பட்டால், ஏக்கருக்கு 40 கிலோகிராமும் பரப்புக்கு இரண்டரைக் கிலோகிராமுமே இடவேண்டும். ஹெக்டேயருக்குரிய யூரியாவை ஓர் ஏக்கரில் இட்டால் பணம் விரயமாவதுடன், நெற்பயிர் சாய்ந்து விழவும், எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் பெருகவும் இடமுண்டாகும்.

மரக்கறிச் செய்கையாளர் மருந்து கலக்கும்போதும் இக்கணக்கு உதவும். உதாரணமாக, 10 லீற்றர் நீருக்கு 20 மில்லிலீற்றர் எனச் சிட்டையிற் கண்டால், ஒரு லீற்றருக்கு 2 மில்லிலீற்றராகும். 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவிக்கு 32 மில்லிலீற்றர் போதும். இருபது முறை நிரப்பித் தெளிப்பதாயின் 640 மில்லிலீற்றர், அதாவது 0.64 லீற்றர் தேவைப்படும். கடைக்குச் செல்லுமுன் இவ்வாறு கணக்கிட்டால் மிகையாக வாங்கவேண்டியதில்லை.

கவனிக்கவேண்டியவை:

1. 'கி.கி.' கிலோகிராம், 'மி.கி.' மில்லிகிராம். ஓரெழுத்தே வேறுபாடு, அளவிலோ பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு.

2. அளவு ஹெக்டேயருக்கா, ஏக்கருக்கா, லீற்றருக்கா என்பதை முதலிற் பார்க்கவும்.

3. போத்தல் மூடிகள் ஒரே அளவினவல்ல. மில்லிலீற்றர் கோடிட்ட அளவுக்குவளையையே பயன்படுத்தவும். அதனைச் சமையலறைக்குக் கொண்டுசெல்லலாகாது.

ஐயமேற்படின், மருந்தைக் கலக்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சிட்டையைக் காட்டிக் கேட்டறிவீர்களாக.