எந்த ‘உண்டு’, மாமி?

எங்கள் எதிர்வீட்டு மாமியை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவரைப் போல ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். மாவடு முதல் வருமான வரி வரை எந்த விஷயமானாலும் கணீரென்று பேசுவார். அப்படிப்பட்டவர், இங்கிலாந்தில் பெண்ணின் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து, “கடைசி இரண்டு மாதம் வெளியாரிடம் வாயே திறக்கவில்லை, அம்மா” என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எல்லாம் ஒரு வார்த்தை செய்த வேலை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் ஆங்கிலேய அம்மாள், வேலி ஓரமாக நின்று மாமியிடம் குசலம் விசாரித்திருக்கிறாள். மாமியும் பெருமையாக, “மை டாட்டர் இஸ் ஹாவிங் எ பேபி” என்றார். பெண்ணுக்குக் குழந்தை இருக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அந்த அம்மாள் முகம் மலர்ந்து, “வென்?” என்று கேட்டாள். “த்ரீ மந்த்ஸ்” என்றார் மாமி. குழந்தைக்கு வயது மூன்று மாதம் அல்லவா!

மறுநாள் மாலை பூங்கொத்துடன் வந்து கதவைத் தட்டினாள் அந்தப் புண்ணியவதி. மாமியின் பெண்ணைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, “இன்னும் மூன்றே மாதம் என்று சொல்லவே முடியாது!” என்று வியந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கைக்குழந்தை வீரிட்டது. அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வந்தவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பெண்தான், “இனிமேல் நீ யாரிடமும் இங்கிலீஷ் பேசாதே, அம்மா” என்று சொல்லிவிட்டாள். மாமியின் வாய் அன்று மூடியதுதான்.

‘இஸ் ஹாவிங் எ பேபி’ என்றால் ‘முழுகாமல் இருக்கிறாள்’ அல்லது ‘இதோ பிரசவம் ஆகிக்கொண்டிருக்கிறது’ என்று பொருள். குழந்தை பிறந்து தொட்டிலுக்கு வந்துவிட்டால் ‘ஷீ ஹாஸ் எ பேபி’ என்று சொல்ல வேண்டும். ‘இங்’ என்ற ஒரு வால் செய்கிற வித்தியாசம் இவ்வளவு!

இது மாமி மட்டும் செய்கிற பிழை அல்ல. எதற்கெடுத்தாலும் ‘இங்’ சேர்ப்பது இந்தியர்கள் பலருக்கும் கைவந்த பழக்கம். பம்பாய்க் கவிஞர் நிஸ்ஸிம் எஸக்கியேல் (1924–2004), மிஸ் புஷ்பா என்பவருக்கு நடக்கும் வழியனுப்பு உபசாரத்தை வைத்து, இந்த ‘இங்’குகளாலேயே ஒரு வேடிக்கைக் கவிதை எழுதிவிட்டார்.

நாம் ஏன் தடுமாறுகிறோம்? தமிழில் ‘ஹாவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல்லே கிடையாது. ‘எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்’, ‘என்னிடம் குடை இருக்கிறது’ என்கிறோம். எனக்கு என்கிறோம், என்னிடம் என்கிறோம். நான் என்று தொடங்குவதில்லை. ருஷ்ய மொழியிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலேயரோ ‘ஐ ஹாவ்’ என்று தம்மையே முன்னால் நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் ‘நான் வீடு வைத்திருக்கிறேன்’ என்று மனத்துக்குள் மாற்றிப் பார்த்து, அந்த ‘இருக்கிறேன்’ என்ற வாலுக்கு ஈடாக ‘ஆம் ஹாவிங்’ என்று போட்டுவிடுகிறோம். எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்.

இதற்கு நான் மாமிக்குச் சொன்ன உபாயத்தை உங்களுக்கும் சொல்கிறேன். தமிழில் ‘உண்டு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ‘எனக்கு ஒரு தம்பி உண்டு’ என்பது ஒன்று. ‘உண்டு களைப்பாறினான்’ என்பது மற்றொன்று. ‘ஹாவ்’ என்பதும் இதே போல இரட்டை வேஷக்காரன்தான். உள்ளது என்ற ‘உண்டு’வுக்கு ‘இங்’ கிடையாது. சாப்பிடுகிற ‘உண்டு’வுக்கு ‘இங்’ உண்டு!

வீடு, வாசல், நகை, உறவு, நோய் எல்லாம் முதல் வகை. ‘ஐ ஹாவ் டூ டாட்டர்ஸ்’, ‘வீ ஹாவ் எ ஹவுஸ் இன் மயிலாப்பூர்’, ‘ஐ ஹாவ் எ ஹெடேக்’. பள்ளிக்கூடத்துக்கு எழுதும் லீவு கடிதத்தில் ‘மை சன் இஸ் ஹாவிங் ஃபீவர்’ என்று எழுதாமல், ‘மை சன் ஹாஸ் எ ஃபீவர்’ என்று எழுதுங்கள்.

சாப்பிடுவது, குளிப்பது, குதூகலிப்பது, அவஸ்தைப்படுவது முதலிய நடந்துகொண்டிருக்கிற காரியங்கள் இரண்டாம் வகை. ‘வீ ஆர் ஹாவிங் டிபன்’, ‘ஹீ இஸ் ஹாவிங் எ பாத்’ என்று தாராளமாகச் சொல்லலாம். குளிக்கிற மனிதரைத் தொலைபேசியில் யாராவது கேட்டால் இந்த வாக்கியம் கைகொடுக்கும்.

அடுத்தது ‘ஹாஸ்’. அவன், அவள், அது என்று ஒருமையில் வந்தால் ‘ஹாஸ்’. ஆனால் ‘ஷீ டஸன்ட் ஹாஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டுச் சாவிக்கொத்து ஒரு சமயத்தில் ஒருத்தி இடுப்பில்தானே இருக்கும்? அந்த ‘ஸ்’ என்ற சாவியை ‘டஸ்’ செருகிக்கொண்டபின் ‘ஹாவ்’ வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும். ‘ஷீ டஸன்ட் ஹாவ்’, ‘டஸ் ஷீ ஹாவ்?’ இவைதான் சரி.

இன்னொரு சூக்ஷுமம். தையற்காரர் தைத்த ரவிக்கையை நாம் ‘தீபாவளிக்கு ஒரு ரவிக்கை தைத்தேன்’ என்கிறோம். கொத்தனார் கட்டிய வீட்டை ‘நான் கட்டிய வீடு’ என்கிறோம். தமிழில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ஸ்டிட்ச்ட் எ ப்ளவுஸ்’ என்றால், ஊசியும் நூலுமாக நீங்களே உட்கார்ந்து தைத்ததாக அர்த்தம். பிறரைக் கொண்டு செய்வித்தால் ‘ஐ ஹாட் எ ப்ளவுஸ் ஸ்டிட்ச்ட்’. அவ்வாறே, கணவர் முடி வெட்டிக்கொண்டு வந்தால் ‘ஹீ ஹாட் ஹிஸ் ஹேர் கட்’. இல்லாவிட்டால் அவர் கண்ணாடி முன் நின்று தாமே கத்தரித்துக்கொண்டார் என்று ஆகும்!

கடைசியாக ஒன்று. நேற்று, போன வாரம் என்று காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹாவ்’ ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ‘ஐ ஹாவ் ஸீன் ஹர் எஸ்டர்டே’ தவறு; ‘ஐ ஸா ஹர் எஸ்டர்டே’ சரி. காலம் சொல்லாமல், பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொல்வதானால் ‘ஐ ஹாவ் ஸீன் ஹர்’.

இவ்வளவையும் மாமி ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். நான் தப்பாகப் பேசினால் “எந்த உண்டு?” என்று என்னையே மடக்கவும் ஆரம்பித்தார். பேச்சில் பிழை வருவது சகஜம், திருத்திக்கொள்ளலாம். பேசாமலே இருந்துவிட்டால் எதைத் திருத்துவது?

இரண்டு வருஷம் கழித்து மாமி மறுபடியும் இங்கிலாந்து போனார். போன மறுநாளே எனக்குத் தொலைபேசி வந்தது. அதே வேலி, அதே அம்மாளாம். மாமி தாமாகவே போய், “மை டாட்டர் இஸ் ஹாவிங் எ பேபி” என்றாராம்.

“மாமி! மறுபடியுமா?” என்று பதறினேன்.

“அசடே, இந்தத் தடவை நிஜமாகவே முழுகாமல் இருக்கிறாள்! ‘வென்?’ என்று கேட்டாள். ‘இன் த்ரீ மந்த்ஸ்’ என்று ‘இன்’ போட்டுச் சொன்னேன். பெண்ணும் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தாள், ‘பேசாதே’ என்று சொல்லவில்லை” என்றார் மாமி, பழைய கணீர்க் குரலில்.