டீசல் கார் புகை மோசடி: கம்பெனிக்கு ரூ.500 கோடி அபராதம்... கார் வாங்கியவருக்கு என்ன வழி?

சாயர்புரத்திலிருந்து திருச்செந்தூர் கோயிலுக்கோ தூத்துக்குடிக்கோ குடும்பத்தோடு வாடகை வண்டி பிடித்துப் போனவர்களுக்கு டவேராவைத் தெரியாமல் இருக்காது. தென்மாவட்ட டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஒரு காலத்தில் அதுதான் ராஜா.

2013 ஜூலையில் அந்த வண்டியைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா நிறுவனம் சுமார் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. காரணம் பிரேக் கோளாறு அல்ல, புகை. அரசு சோதனைக்குப் போகும் வண்டிகளில் குறைவாகப் புகை விடும் இன்ஜின்களாகப் பார்த்துப் பொறுக்கி மாட்டியிருந்தார்கள். தங்கள் ஊழியர்கள் விதியை மீறியதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அடுத்த இரண்டே ஆண்டில், இதைவிடப் பல மடங்கு பெரிய மோசடி அமெரிக்காவில் வெடித்தது.

சாஃப்ட்வேர் செய்த தந்திரம்

2015 செப்டம்பர் 18. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் சாஃப்ட்வேர் இருப்பதாக அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அது இருப்பதாக நிறுவனமே பிறகு சொன்னது.

சோதனைக்கூடத்தில் கார் உருளைகள் மேல் நின்றபடி ஓடும். சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் திரும்பாது. இதை வைத்தே 'இப்போது பரீட்சை நடக்கிறது' என்று காரின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். உடனே புகைக் கட்டுப்பாடு முழுவீச்சில் வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் அது தளர்ந்துவிடும். நுரையீரலைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு எகிறும்.

'என்கிட்ட பியூசி சர்டிபிகேட் இருக்கே' என்று நினைக்க வேண்டாம். டீசல் வண்டிக்கு பியூசி மையத்தில் பார்ப்பது புகையின் கருமையை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. புகை கறுப்பாக இல்லாத வண்டியும் அந்த வாயுவைக் கக்கிக்கொண்டே போகலாம்.

இந்தியாவில் என்ன ஆனது?

புனேவில் உள்ள ஏஆர்ஏஐ சோதனை அமைப்பு ஃபோக்ஸ்வேகன் குழும கார்களை ரோட்டில் ஓட்டிப் பார்த்தது. பிஎஸ்4 வரம்பைவிட 1.1 முதல் 2.6 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியானது. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி என மூன்று பிராண்டிலும் சேர்த்து சுமார் 3.23 லட்சம் கார்களுக்கு சாஃப்ட்வேரை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் இந்திய விதியை மீறவில்லை என்பதே அதன் வாதம். அன்றைய பிஎஸ்4 விதி சோதனைக்கூட அளவைத்தான் கேட்டது, ரோட்டு அளவை அல்ல. (ரோட்டில் ஓட்டி அளக்கும் விதி 2023 ஏப்ரலில்தான் இங்கே நடைமுறைக்கு வந்தது.)

ஒரு பள்ளி ஆசிரியை உள்ளிட்ட சிலர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். நிபுணர் குழு ரூ.171.34 கோடி இழப்பீடு என்று கணக்கு சொன்னது. தீர்ப்பாயம் 2019 மார்ச் 7 அன்று அதை ரூ.500 கோடியாக உயர்த்தியது. அந்த ஆண்டு மே மாதமே, நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த 500 கோடி, காற்றைக் கெடுத்ததற்கான தொகை. வசூலானாலும் சுற்றுச்சூழலுக்குத்தான் போகும். கார் வாங்கியவர் கைக்கு ஒரு ரூபாய் வராது. அமெரிக்காவில் 2016 சமரசப்படி நிறுவனமே கார்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மேலே 5,100 முதல் 10,000 டாலர் வரை கொடுத்தது. பிரிட்டனில் 2022-ல் சுமார் 91,000 பேர் சேர்ந்து 19.3 கோடி பவுண்டு பெற்றார்கள். இங்கே அப்படி ஒட்டுமொத்த இழப்பீடு எதுவும் வரவில்லை.

அப்போ உரிமையாளர் எங்கே போவது?

நுகர்வோர் ஆணையத்துக்கு. சாயர்புரத்துக்காரர் கார் கம்பெனி இருக்கும் மும்பைக்கோ புனேவுக்கோ அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது தூத்துக்குடி மாவட்ட ஆணையமே போதும். காருக்குக் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு வெறும் ரூ.400. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். சந்தேகம் இருந்தால் 1915-க்கு போன் போடலாம்.

டாக்ஸி ஓட்டுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கிய வண்டி என்றால் 'நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று கம்பெனி வக்கீல் எழுந்து நிற்பார். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காகவே வாங்கியவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. சொந்தமாக ஒரு வண்டி வாங்கி ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்துபவர் அந்தக் கணக்கில் வருவது கஷ்டம்.

பெரிய சிக்கல் ஆதாரம். மோசடி சாஃப்ட்வேர் இருப்பதை ஒரு தனி ஆள் எப்படி நிரூபிப்பது? வண்டியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையமே உத்தரவிட முடியும். அதற்கான செலவை முதலில் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம். இங்கேதான் பலர் பின்வாங்குவார்கள். அதற்கும் ஒரு வழி: ஒரே பாதிப்புள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு கூட்டுப் புகார் கொடுக்கலாம். சட்டத்தின் 35-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

ரீகால் கடிதம் வந்தால் தூக்கிப் போட வேண்டாம். பில், ஆர்சி, சர்வீஸ் ஜாப் கார்டு எல்லாவற்றோடும் சேர்த்து வைக்கவும். சாஃப்ட்வேர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மைலேஜைக் குறித்து வைப்பது இன்னும் நல்லது. 'மாற்றிய பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது' என்று வாயால் சொன்னால் ஆணையத்தில் எடுபடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும் இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசே உத்தரவிடலாம். அப்போது கம்பெனி முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வண்டியை மாற்றித் தரவோ சரிசெய்யவோ வேண்டும்.

போலீஸ் புகாரும் ஒரு வழி. உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஆடி வாடிக்கையாளர் கொடுத்த புகாரில் பதிவான எஃப்ஐஆரை ரத்து செய்யக் கோரி நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பசுமைத் தீர்ப்பாய உத்தரவுக்குத் தடை இருக்கிறதே என்றது. 2020 நவம்பர் 26 அன்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விசாரணை நடக்கட்டும் என்றது.

எந்த வழியானாலும் காலண்டரைப் பார்க்க வேண்டும். நுகர்வோர் புகாருக்கு அவகாசம் 2 ஆண்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்தா, மோசடி தெரிந்த நாளிலிருந்தா என்பதில்தான் வக்கீல்கள் மல்லுக்கு நிற்பார்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். 2015 விவகாரத்தில் இதுவரை சும்மா இருந்தவர்களுக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. இனி ரீகால் கடிதம் வருபவர்கள், அதில் உள்ள தேதியிலிருந்தே நாளை எண்ணத் தொடங்குவது பாதுகாப்பு.