விளம்பரம்: எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும்



டிவி, பேப்பர், பஸ் ஸ்டாண்டு, செல்போன் என்று நாள் முழுக்க விளம்பரம் நம்மைத் தேடி வருகிறது. "அதையெல்லாம் யார் நம்புறா?" என்கிறோம். ஆனால் கடைக்குப் போனால் பார்த்துப் பழகிய பெயரைத்தான் கேட்டு வாங்குகிறோம். அது எப்படி நடக்குதுன்னு பார்ப்போமா?

விளம்பரத்தில் எழுத்தும் படமும் சேர்ந்து வேலை செய்கின்றன. எழுத்து ஜாக்கிரதையாக இருக்கும். "50% வரை தள்ளுபடி" என்பார்கள். சில பொருளுக்குத்தான் 50. மற்றதுக்கு 5, 10 என்று இருக்கலாம். "வளர்ச்சிக்கு உதவும்" என்றால் வளரும் என்று அர்த்தம் இல்லை. எழுத்தில் சொல்லாததைப் படம் சொல்லிவிடும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் டப்பாவோடு நின்றால் போதும், டாக்டரே சொல்றார்னு நாமே நினைச்சுக்கிறோம்.

ஓர் உதாரணம். ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975-இல் விற்பனைக்கு வந்தது. அதன் ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று அப்பா ஏங்குவார். மகள் கிரீம் போட்டுச் சிவப்பாகி, விமானப் பணிப்பெண் ஆவாள். கிரீம் போட்டால் வேலை கிடைக்கும் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. கதையே சொல்லிவிடுகிறது! கூடவே, கருப்பா இருந்தா மதிப்பில்லை என்ற எண்ணமும் நம் பெண் பிள்ளைகள் மனதில் விழுகிறது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்துப் புகார் செய்தது. 2003-இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2020-இல் கிரீமின் பெயரும் 'க்ளோ அண்ட் லவ்லி' என மாறியது. பெண்கள் சேர்ந்து கேட்டால் நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பேப்பர் விளம்பரத்தை நடுவில் வைத்து இப்படிச் செய்து பார்ப்போம்:

1. படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். உறுதியாக என்ன சொல்லியிருக்கு?
2. எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் பார்ப்போம். மனசுல என்ன ஆசை, என்ன பயம் வருது?
3. முதலில் வராதது இரண்டாவதில் வந்தால், அதற்குக் கம்பெனி பொறுப்பேற்குமா என்று கேட்போம்.
4. அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிப்போம். கடன், சீட்டு, நகை விளம்பரம் என்றால் இது கட்டாயம். வட்டியும் நிபந்தனையும் அங்கேதான் இருக்கும்.

விளம்பரம் எந்த மொழியில் உறுதி தருகிறதோ, அதே மொழியில் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும் என்கின்றன 2022-ஆம் ஆண்டு விதிகள். ஏமாற்றும் விளம்பரத்துக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

நாமும் ஊறுகாய், சோப்பு, மசாலாப் பொடி விற்கிறோம். நம் பாக்கெட்டில் ஒட்டும் படமும் எழுத்தும் உண்மையைத்தான் சொல்லுதான்னு அதே கூட்டத்தில் பார்த்துவிடுவோம், தோழியரே!