சிறுநீர்ப்பைக்கு ஒரு கடிகாரம்

1972-இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் நீச்சலை 37.33 நொடியில் முடித்தார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. 1965 போரில் குண்டுகள் பாய்ந்து தண்டுவடம் பாதிக்கப்பட்ட ராணுவ வீரர் அவர். பிறகு புனேயில் டெல்கோ ஆலையில் வேலை பார்த்து, அந்த ஊர்க்காரராகவே ஆனவர்.

அவருக்கு இரண்டு தலைமுறை முன்னால், முதல் உலகப் போரில் இதே போல முதுகில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. குண்டுக் காயம் ஆறிய பிறகும் இறந்தார்கள். படுக்கைப்புண் ஒரு காரணம். சிறுநீர்ப்பையில் தேங்கிய நீரில் வளர்ந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியது இன்னொரு காரணம். சாவுப்படுக்கைக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவே நடந்த மருத்துவ மாற்றத்தில் பெரும்பங்கு, யாரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஓர் உறுப்பைப் புரிந்துகொண்டதால் வந்தது.

இரண்டு ஆட்சிக்கு உட்பட்ட உறுப்பு

இதயம் நம்மைக் கேட்டுத் துடிப்பதில்லை. குடல் நம்மைக் கேட்டு நகர்வதில்லை. கையும் காலும் நாம் சொன்னால்தான் அசையும். சிறுநீர்ப்பை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் தசைச்சுவர் தானியங்கு நரம்பு மண்டலத்தின் கையில். வெளிவாயிலைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை நம் விருப்பத்தின் கையில். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக அனுப்புகின்றன. தண்டுவடத்தின் நடுப்பகுதியிலிருந்து வரும் பரிவு நரம்புகள் பையின் சுவரைத் தளர்த்தி, கழுத்தை இறுக்கி வைக்கின்றன. அதனால் பை விரிந்துகொண்டே போகும்; உள்ளே அழுத்தம் மட்டும் ஏறாது. 150, 200 மில்லிலிட்டர் சேரும்போது லேசாக ஓர் உணர்வு எழும். 400-ஐத் தாண்டினால் எழுந்து போகத் தோன்றும். இடம் கிடைத்து, நாம் தீர்மானித்ததும், தண்டுவடத்தின் அடிமுனையிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள் பையைச் சுருக்குகின்றன. அதே நொடியில் சுருக்குத்தசை தளர்கிறது.

சுருங்குவதும் தளர்வதும் ஒரே நொடியில் நடக்க யார் தாளம் போடுகிறார்கள்? 1925-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பாரிங்டன், பூனைகளிடம் செய்த சோதனைகளில் மூளைத்தண்டில் ஒரு சிறு இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த இடம் சேதமானால் பை தன்னைக் காலிசெய்ய முடியாமல் தவிக்கிறது. மனிதருக்கும் அந்த மையம் உண்டு. அதற்கும் மேலே, மூளையின் முன்பகுதி ‘இப்போது வேண்டாம்’ என்று அதை அடக்கி வைத்திருக்கிறது. குழந்தைக்கு இரண்டு மூன்று வயதில் நாம் பழக்கிவிடுவது இந்த அடக்கத்தைத்தான்.

பை நிறைந்ததை உணர்வது எப்படி என்ற கேள்விக்கு 2020-இல் ஒரு விடை கிடைத்தது. ஆர்டம் படாபுடியனின் ஆய்வுக்குழுவும் சக ஆய்வாளர்களும், இழுவிசைக்குத் திறந்துகொள்ளும் ‘பியேசோ2’ என்ற புரதம் சிறுநீர்ப்பையிலும் அதன் நரம்புகளிலும் வேலை செய்வதைக் காட்டினார்கள். தொடு உணர்வைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகப் படாபுடியன் அடுத்த ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் புரதம் பிறவியிலேயே இயங்காத சிலர் இருக்கிறார்கள். பை நிறைவது அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பலர் நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போகிறார்கள். உடல் தராத செய்தியைக் கடிகாரத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

பை நிறைந்தால் தலை ஏன் வெடிக்கிறது?

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அவரும் டேவிட் விட்டரிட்ஜும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் வியக்க வைக்கிறது. தண்டுவடம் மேல்மட்டத்தில் அறுபட்டவர்களின் சிறுநீர்ப்பையை நிரப்பியபோது, அவர்களுக்கு வயிற்றில் எந்த உணர்வும் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறியது. இதயத்துடிப்பு குறைந்தது. முகம் சிவந்து வியர்த்தது. தலை பிளப்பதுபோல் வலித்தது.

நிறைந்த பையின் செய்தி தண்டுவடத்தில் ஏறுகிறது. காயத்தைத் தாண்டி மூளைக்குப் போக வழியில்லை. ஆனாலும் காயத்துக்குக் கீழே உள்ள பரிவு நரம்புகள் அதைக் கேட்டு, ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. அழுத்தம் ஏறியதை மூளை கழுத்து நாளங்களின் வழியாக அறிந்துகொள்கிறது. இதயத்தை மெதுவாக்கிப் பார்க்கிறது. ‘இறுக்கத்தை விடு’ என்ற உத்தரவையும் அனுப்புகிறது. அந்த உத்தரவு காயத்தைத் தாண்டி இறங்குவதில்லை. மார்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 200-ஐக்கூடத் தாண்டலாம். உடனே செய்ய வேண்டியது: ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வடிக்கும் கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, பையைக் காலிசெய்வது. அப்போதும் அடங்காவிட்டால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை.

அதே குட்மன்தான் 1948-இல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளில், தன் மருத்துவமனைப் புல்வெளியில் நோயாளிகளுக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அது வளர்ந்து பாராலிம்பிக் ஆனது. பேட்கர் நீந்திய குளத்துக்கு வழி அங்கிருந்துதான் வந்தது.

கட்கியிலிருந்து ஆய்க்குடிக்கு

புனேயின் கட்கி ராணுவக் குடியிருப்பில் ராணுவ மருத்துவமனையின் தண்டுவடக் காய மையம் இருக்கிறது. அங்கேயே கீழுடல் செயலிழந்த முன்னாள் வீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் புனேக்கும் இந்த விஷயத்தில் ஓர் உறவு இருக்கிறது. 1975-இல் பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். புனே ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்து ஊக்கம் தந்தவர் மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் அமைப்புக்கு அந்த மருத்துவரின் பெயராலேயே ‘அமர் சேவா சங்கம்’ என்று பெயர் வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

தண்டுவடக் காயத்தோடு இத்தனை ஆண்டுகள் வாழ முடிகிறது என்றால், அதில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய்க்கும் பங்குண்டு. குழாயை நிரந்தரமாக உள்ளே வைத்தால் கிருமி குடியேறும். ஒவ்வொரு முறையும் நுழைத்து எடுப்பதென்றால், முற்றிலும் கிருமிநீக்கிய கையுறையும் கருவியும் மருத்துவமனைச் சூழலும் வேண்டும் என்றே மருத்துவ உலகம் நம்பியது. 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் அதை மறுத்தார். பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கிருமியை எதிர்க்கும் வலு போய்விடுகிறது. ஆகவே, நேரம் தவறாமல் காலிசெய்வதே முக்கியம். சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்றார். அன்று அது துணிச்சலான கூற்று. இன்று உலகெங்கும் மக்கள் தம் வீட்டுக் கழிப்பறையில், பெரும்பாலும் நாளுக்கு நான்கிலிருந்து ஆறு முறை, தாமே இதைச் செய்துகொள்கிறார்கள்.

காயமில்லாமலும் வரும்

தானியங்கு நரம்புகள் பிசகும் நோய்களை மொத்தமாக டிஸ்ஆட்டோனமியா என்கிறார்கள். போரோ விபத்தோ தேவையில்லை. பார்க்கின்சன் நோயில் வரும். எழுந்து நின்றதும் இதயம் படபடக்கும் ‘பாட்ஸ்’ பாதிப்பும் இந்த வகைதான். அது இளம்பெண்களிடம் அதிகம். எல்லாவற்றையும்விடப் பரவலான காரணம் சர்க்கரை நோய். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்கில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஒல்லியாக இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். வெளியில் ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்திய உடல்வாகை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்.

சர்க்கரை அதிகமாக இருக்கும்போது சிறுநீரே கூடுதலாக உற்பத்தியாகும். பல ஆண்டுகள் போனபின் வேறொரு சிக்கல் வரலாம். பையின் உணர்வு நரம்புகள் மங்கிவிடும். பை பெருத்து, தளர்ந்து, முழுதாகக் காலியாகாது. மோட்டாரை நிறுத்த மறந்த மேல்நிலைத் தொட்டி வழிவதைப் போல, மிஞ்சியது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அடிக்கடி போகிறவருக்குப் பை எப்போதும் நிறைந்தே இருக்கலாம். இன்னொருவருக்கோ பை பாதிகூட நிறையாமல், தானாகவே சுருங்கி அவசரப்படுத்தும். இருவரும் மருத்துவரிடம் சொல்வது ஒரே வாக்கியம்: “அடிக்கடி யூரின் போகிறது.” சிகிச்சை நேரெதிர். போய் வந்தபின் பையில் எவ்வளவு மீதி என்று பார்க்கும் ஸ்கேன், வலியில்லாத எளிய சோதனை. அதைச் செய்யாமல் பையைத் தளர்த்தும் மாத்திரையைத் தொடங்கினால் முதலாமவரின் நிலை மோசமாகும்.

இரவில் மட்டும் நான்கைந்து முறை எழுபவர்களின் கதை வேறு. தானியங்கு நரம்புகள் தளர்ந்தவர்களுக்குப் பகலில் நிற்கையில் ரத்தம் கால்களில் தேங்கும். படுத்ததும் அது மார்புக்குத் திரும்பும். ரத்தம் மிகுந்துவிட்டதாக எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீரகம் அதைக் கேட்டு நீரை வெளியேற்றும். விடிவதற்குள் உடல் வற்றிப்போக, காலையில் எழுந்து நின்றதும் தலை சுற்றும். குறை பையில் இல்லை, படுக்கும் நிலையில் இருக்கிறது. மாலையில் சிறிது நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால், அந்த நீர் தூங்கும் முன்பே கழியும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்துச் சற்று உயர்த்துவதும் பலருக்கு உதவுகிறது. இரவில் எழுந்தால் கட்டில் விளிம்பில் சிறிது உட்கார்ந்துவிட்டே நடக்க வேண்டும். ஆண்களும் உட்கார்ந்தே கழிப்பது நல்லது. நின்றபடி போகும்போது மயங்கி விழுபவர்கள் உண்டு.

நோட்டும் கடிகாரமும்

சிகிச்சை பெரும்பாலும் ஒரு நோட்டில் தொடங்குகிறது. மூன்று நாட்களுக்கு, குடித்தது எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனோம், அளவுக் குவளையில் எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதிவைத்தால், பல நேரம் நோயின் வகையே அதில் தெரிந்துவிடும். உணர்வு மங்கியவர்கள் இரண்டு மூன்று மணிக்கொரு முறை கடிகாரம் பார்த்துப் போகலாம். போனபின் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலலாம். அவசரம் வாட்டுபவர்கள் ஓடாமல் நின்று, இடுப்படித் தசைகளைச் சில முறை இறுக்கினால் பையின் சுருக்கம் தணியும். பிறகு நிதானமாகப் போகலாம். மலச்சிக்கலைத் தீர்த்தாலே சிலருக்குப் பாதித் தொல்லை குறையும். டீயையும் காபியையும் மாலைக்குப் பிறகு விடலாம்.

மருந்துகளில் கவனம் வேண்டும். ஆண்களுக்குப் பையின் கழுத்தைத் தளர்த்தத் தரும் சில மாத்திரைகள், நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கும். பையைத் தளர்த்தும் சில மாத்திரைகள் மலச்சிக்கலையும் படபடப்பையும் கூட்டும். முதியவர்களுக்கு நினைவையும் குழப்பும். சிறுநீர் மருத்துவரிடம் நரம்பு நோயையும், நரம்பு மருத்துவரிடம் சிறுநீர்த் தொல்லையையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடாது. பாட்ஸ் உள்ள பெண்ணுக்கு, ரத்த அளவைக் காக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். அவரே வெளியே போகும் நாளில், கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து குடிக்காமல் போகிறார். பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுகிறார். இதை அவருடைய மன உறுதியால் தீர்க்க முடியாது. நகரம்தான் தீர்க்க வேண்டும். 2016 முதல் புனேயில் பழைய மாநகரப் பேருந்துகளைப் பெண்களுக்கான கழிப்பறைகளாக மாற்றி, ‘தீ’ (மராத்தியில் ‘அவள்’) என்ற பெயரில் நிறுத்தினார்கள். உல்கா சடல்கரும் ராஜீவ் கேரும் மாநகராட்சியோடு சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. சுத்தமான கழிப்பறை இந்த நோயாளிகளுக்கு மருந்துச்சீட்டில் எழுத வேண்டிய ஒன்று. சக்கர நாற்காலி நுழையும் கதவும், கை கழுவ சோப்பும், குழாயை வைக்க ஒரு பலகையும் இருந்தால், தண்டுவடக் காயம்பட்டவரும் வேலைக்குப் போய்வர முடியும்.

சிறுநீரை அடக்க முடியாதவரை நம் வீடுகளில் முதுமையென்றோ சோம்பலென்றோ சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அவரும் வெட்கத்தில் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்துகிறார். பாரிங்டனிலிருந்து படாபுடியன் வரை ஏறக்குறைய நூறு ஆண்டு அறிவியல் காட்டுவது ஒன்றைத்தான்: அறுந்தோ மங்கியோ போனது ஒரு நரம்பின் செய்தி. அந்தச் செய்திக்குப் பதிலாக ஒரு கடிகாரத்தையும், ஒரு நோட்டையும், தேவைப்பட்டால் ஒரு சுத்தமான குழாயையும் வைக்க முடியும். அதற்கு முதலில் அவர் மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வெட்கப்பட வேண்டாத வீடாக நம் வீடு இருக்க வேண்டும்.