குருசுக்குப்பமும் ஒரு வடிகட்டி விதியும்

யாரும் எழுதலாம், எழுதியதை யாரும் திருத்தலாம் என்னும் ஏற்பாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கி, மயூரநாதன் முதலான தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, 2017 மே மாதத்தில் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தொட்ட தமிழ் விக்கிப்பீடியாவில், ஒரு பக்கத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் ‘தொகுப்பு’ எனப்படும். கெடுக்கும் நோக்கத்தோடு செய்யப்படுவது ‘விசமத் தொகுப்பு’ எனப்படும். அண்மைய மாற்றங்களைக் கண்காணிப்பது, கேடு நிகழ்ந்த பின் அதைத் துடைக்கும் வேலை. இங்கு ஆராய்வது, கேடு பக்கத்தில் ஏறுவதற்கு முன்பே அதை வாசலில் நிறுத்தும் தொகுப்பு வடிகட்டியை.

ஆண்ட்ரூ காரெட் உருவாக்கிய ‘அபியூஸ் ஃபில்டர்’ என்னும் இந்த மென்பொருள் நீட்சி, 2009 மார்ச் மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இயக்கப்பட்டு, பின்னர் பிற மொழிகளுக்கும் பரவியது. பயனர் ‘சேமி’ பொத்தானை அழுத்தியவுடன், எழுதியவரின் கணக்கு எத்தனை நாள் பழையது, எத்தனை தொகுப்புகள் செய்தவர், எந்தப் பக்கம், எவ்வளவு உரை நீங்கியது, எந்தெந்த வரிகள் சேர்ந்தன என்பவற்றை மென்பொருள் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால், தொகுப்பைப் பதிவேட்டில் குறித்துவிட்டு அனுமதிக்கலாம், அடையாளக் குறி இடலாம், எச்சரிக்கலாம், அடியோடு மறுக்கலாம். இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு: மென்பொருளின் இயல்பு அமைப்பில் ஒரு தொகுப்பின் மீது 1,000 நிபந்தனைகள் வரையே சோதிக்கப்படும். ஆகவே கணக்கின் வயது போன்ற எளிய நிபந்தனையை முதலிலும், உரையைத் துருவும் கனமான நிபந்தனையைக் கடைசியிலும் வைப்பது விதி எழுதுவோரின் வழக்கம்.

விதியின் இலக்கணம் எல்லா மொழிகளுக்கும் ஒன்றே. சிக்கல் விதிக்குள் வைக்கப்படும் சொற்களில் இருக்கிறது. கட்டுரைகளில் ‘இது குப்பை’ என்று எழுதிவிட்டுப் போவோரைத் தடுக்க, பேச்சு வழக்கிலுள்ள ‘குப்ப’ என்னும் வடிவத்தையும் சேர்த்துப் பிடிக்கும் விதி ஒன்று எழுதப்படுவதாகக் கொண்டால், அந்த வலையில் முதலில் சிக்குவது புதுச்சேரி நகரின் வடகரையிலுள்ள மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பமாக இருக்கும். அதையடுத்த வைத்திக்குப்பமும், வடக்கே கோட்டக்குப்பமும், தெற்கே பூரணாங்குப்பமும் உடன் சிக்கும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டைப் பற்றிய பக்கமும், அது அமைந்துள்ள ஊர் அரியாங்குப்பம் என்பதால், தப்பாது. சோழமண்டலக் கடற்கரை நெடுகக் குப்பங்கள் இருக்கின்றன.

‘குப்பம்’ என்ற சொல்லுக்கு விலக்கு அளித்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால் தமிழில் ‘அம்’ என முடியும் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது அதன் இறுதியே மாறிவிடுகிறது. ‘குருசுக்குப்பத்தில்’ என்பதில் ‘குப்பம்’ இல்லை, ‘குப்பத்த’ என்னும் தொடரே இருக்கிறது. அதற்கும் விலக்கு அளித்தால், பேச்சு வழக்கில் எழுதப்படும் ‘குப்பத்தொட்டி’ அதே இடைவெளியில் உள்ளே நுழைந்துவிடும்.

இதைவிடப் பெரிய பொறி எழுத்துகள் சேமிக்கப்படும் முறையில் இருக்கிறது. ஒருங்குறியில், அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் குறியீட்டு முறையில், ‘ய்’ என்பது தனி எழுத்தன்று. ‘ய’ என்னும் எழுத்தின் பின் புள்ளி சேர்ந்தது. ‘நாய்’ என்று வசை எழுதுவோரை, ‘நாயே’, ‘நாயை’ என்னும் வடிவங்களோடு சேர்த்துப் பிடிக்க ‘நாய’ என்ற பொதுப்பகுதியை விதியில் இட்டால், மணக்குள விநாயகர் கோயில் முதல் நாயன்மார், நாயக்கர், ஜனநாயகம் வரை அனைத்தும் தடுக்கப்படும். 1996இல் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் சொல் வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தாரை, ஊர்ப்பெயருக்குள் ஒரு வசைச்சொல்லின் எழுத்துகள் வரிசையாக அமைந்திருந்ததால், கணக்குத் தொடங்கவிடாமல் நிறுத்தியது. இவ்வகைப் பிழைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. சொல்லோடு சொல்லும் உருபும் ஒட்டி வளரும் தமிழில் இதே பிழை பல மடங்கு எளிதாக நேரும்.

மறுபுறம், தெரிந்தே ஏய்ப்பவருக்கும் எழுத்துமுறை இடம் தருகிறது. ‘௧’ என்னும் தமிழ் எண் ‘க’ போலவும், ‘௮’ என்பது ‘அ’ போலவும், ‘௭’ என்பது ‘எ’ போலவும் கண்ணுக்குத் தெரிந்தாலும், கணினிக்கு அவை வேறு வேறு குறிகள். ஆனால் ‘ஒள’ என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்வோர் ஏய்ப்பவர் அல்லர். ‘ஔ’ என்னும் ஓரெழுத்து இருப்பதை விசைப்பலகை அவர்களுக்குக் காட்டாமல் போயிருக்கலாம். ஒத்த வடிவத்தை மாற்றி இடும் எல்லாரையும் குற்றவாளியாகக் கருதும் விதி, தேர்ந்த விசமியை விட்டுவிட்டு, தட்டச்சுப் பழகுபவரைப் பிடிக்கும்.

ஆகவே வடிகட்டியை நிர்வகிப்பதில் பெரும்பகுதி விதி எழுதுவதன்று, எழுதிய விதியைக் காத்திருந்து பார்ப்பது. புதிய விதியை முதலில் பதிவு செய்யும் நிலையில் மட்டும் ஓடவிட்டு, அது யார் யாரைப் பிடிக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் படித்த பின்னரே எச்சரிக்கைக்கும் மறுப்புக்கும் உயர்த்த வேண்டும். மென்பொருளே ஒரு காப்பையும் வைத்திருக்கிறது: அண்மையில் மாற்றப்பட்ட விதி, நிகழும் தொகுப்புகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கத் தொடங்கினால், இயல்பு அமைப்பில் அதன் கடும் நடவடிக்கைகள் தாமாகவே நின்றுவிடும். ஆனால் பெருந்தவறுகளைப் பிடிக்கும் இந்தக் காப்பு, குருசுக்குப்பத்தைப் பற்றி என்றோ ஒருநாள் எழுத வரும் ஒருவரைக் காப்பதில்லை, ஏனெனில் அவர் எந்த விழுக்காட்டிலும் தெரியமாட்டார்.

இன்னொரு நுணுக்கமும் பலர் கண்ணில் படுவதில்லை. ஒரு பத்தியில் காற்புள்ளி ஒன்றைத் திருத்தினாலும், மென்பொருள் அந்தப் பத்தி முழுவதையும் ‘சேர்த்த வரி’ என்றே கொள்ளும். நீங்கிய வரிகளோடு ஒப்பிட்டு, சொல் உண்மையில் புதிதாக வந்ததா என்று கேட்காத விதி, முன்பே அங்கிருந்த ஊர்ப்பெயருக்காகக் காற்புள்ளி இட்டவரைத் தண்டிக்கும்.

நகருக்குத் தெற்கே துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் வடகரைக்கு மணல் வருவது குன்றி, மணற்கரை இருந்த இடத்தில் கருங்கற்கள் அடுக்கப்பட்ட வரலாற்றை, அதைக் கண்ணால் கண்ட குப்பத்தார் ஒருவர் கைப்பேசியில் எழுதிச் சேமிக்க முனையும்போது, ‘உங்கள் தொகுப்பு தீங்கானது’ என்ற ஒற்றை வரி அவர் முன் தோன்றுவது அறிவுக்கும் இழப்பு, அவருக்கும் அவமதிப்பு. ‘குப்பம்’ என்ற சொல்லை இழிவாகக் கேட்டுப் பழகிய ஒருவருக்கு அந்த வரி வேறொரு பொருளையும் தரும். எச்சரிக்கை வாசகம், எந்த விதி தடுத்தது, தவறாகத் தடுத்திருந்தால் எந்தப் பக்கத்தில் முறையிடுவது என்பதை எளிய தமிழில் சொல்ல வேண்டும்; அந்த முறையீட்டுப் பக்கத்தை நாள்தோறும் ஒருவர் திறந்து பார்க்கவும் வேண்டும். மறுக்கப்பட்ட உரை அழிந்துவிடுவதில்லை. அது வடிகட்டியின் பதிவேட்டில் நேரத்தோடும் பக்கப்பெயரோடும் கிடக்கும். பதிவேட்டைப் படிக்கும் நிர்வாகி அதை எடுத்து உரிய பக்கத்தில் சேர்த்துவிட்டு, எழுதியவரின் உரையாடல் பக்கத்தில் ஒரு மன்னிப்பையும் இடலாம்.